உள்ளே உட்கார்ந்து வரைந்த படம்

பால்வீதியின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணி. நடுவில் மஞ்சளாக ஒரு திரட்சி. அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வெளியே போகும் நீல நிறக் கைகள். தீபாவளிக்குச் சுற்றுகிற தரைச்சக்கரத்தை மொட்டை மாடியிலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். ஒரு கையோரமாகச் சின்னதாக அம்புக்குறி போட்டு, 'நாம் இங்கே இருக்கிறோம்' என்று வேறு எழுதியிருப்பார்கள்.

எந்த கேமராவும் எடுக்காத படம் அது. யாரோ ஓர் ஓவியர் கம்ப்யூட்டரில் வரைந்தது!

யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு போட்டோ எடுக்க வேண்டுமானால் கேமராவை பால்வீதிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். இந்த விண்மீன் கூட்டத்தின் அகலம் மட்டுமே சுமார் ஒரு லட்சம் ஒளி ஆண்டுகள். மனிதன் அனுப்பியதிலேயே அதிக தூரம் போயிருக்கும் வாயேஜர் 1, 1977ல் கிளம்பியது. ஒளி ஒரே ஒரு நாளில் ஓடிவிடும் தூரத்தைத் தொடவே அதற்குச் சுமார் ஐம்பது ஆண்டுகள் பிடிக்கிறது. ஒரு நாள் தூரத்துக்கே இந்தக் கதி. லட்சம் ஆண்டு தூரத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்தக் கைகள் இருப்பது எப்படித் தெரிந்தது? எத்தனை கை, எது எங்கே வளைகிறது, கடைசிக் கை எங்கே முடிகிறது என்று யார் போய்ப் பார்த்தது? யாரும் போகவில்லை. திருவிழாக் கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்ட ஒருவன், இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராமல், தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து மொத்தத் திருவிழாவுக்கும் வரைபடம் போட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

முதலில் முயன்றவர் இங்கிலாந்தில் இருந்த வில்லியம் ஹெர்ஷல். வானத்தை 683 துண்டுகளாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை விண்மீன் என்று எண்ணினார். அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துச் சொல்லச் சொல்ல, தங்கை கரோலின் எழுதிக்கொள்வார். 1785ல் படம் வெளியானது. ஓரங்கள் கிழிந்த தட்டு மாதிரி ஒரு வடிவம். கிட்டத்தட்ட நடுவில் சூரியன்.

நாம் ஏன் நடுவில் வந்தோம்? மார்கழி மாதப் பனிமூட்டத்தில் ஒரு பெரிய மைதானத்தின் எந்த மூலையில் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். சுற்றிலும் இருபதடிக்குத்தான் கண் தெரியும். ஆக, எங்கே நின்றாலும் நீங்கள்தான் மைதானத்தின் மையம்! பால்வீதியிலும் அதே கதைதான். விண்மீன்களுக்கு இடையில் நுண்ணிய தூசி மண்டிக் கிடக்கிறது. தூரத்து ஒளியை அது விழுங்கிவிடும். இந்த விஷயத்தை அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ராபர்ட் ட்ரம்ப்ளர் சந்தேகமில்லாமல் நிரூபித்தது 1930ல்தான். ஹெர்ஷலுக்கு அப்புறம் கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு.

இடையில் ஒரு சுவாரசியமான ஆசாமி வருகிறார். கார்னெலிஸ் ஈஸ்டன். ஹாலந்துக்காரர். வானியல் பேராசிரியர் கிடையாது, நம்ம தொழில்காரர், பத்திரிகையாளர்! 1845ல் அயர்லாந்தின் ராஸ் பிரபு தன்னுடைய ராட்சதத் தொலைநோக்கியில் ஒரு நெபுலா சுருள் வடிவத்தில் இருப்பதைக் கண்டிருந்தார். நம்முடைய பால்வீதியும் ஏன் அப்படிச் சுருளாக இருக்கக் கூடாது என்று ஈஸ்டன் கேட்டார். 1900ல் படமே வரைந்து வெளியிட்டார். சுருளின் மையத்தை சிக்னஸ் என்கிற அன்ன மண்டலத்தின் பக்கம் வைத்தார். நிஜ மையம் இருப்பது தனுசு ராசிப் பக்கம். திசை தவறு, ஆனால் வடிவம் சரி. டெட்லைனுக்கு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

1918ல் ஹார்லோ ஷேப்லி என்கிற அமெரிக்கர் சூரியனை நடுவிலிருந்து தூக்கி ஓரத்தில் போட்டார். இன்றைய கணக்கில் நாம் மையத்திலிருந்து 26,000 ஒளி ஆண்டுகளுக்கும் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறோம். சரி, நாம் எங்கே என்பது தெரிந்துவிட்டது. கைகள் எங்கே? தூசிக்குள் கண் நுழையவில்லை. அத்தோடு ஆட்டம் நின்றுபோனது.

மறுபடி ஆட்டம் தொடங்கியது, யாருமே எதிர்பார்க்காத ஓர் இடத்தில். ஹிட்லரின் படைகள் ஆக்கிரமித்திருந்த ஹாலந்தில்.

லெய்டன் பல்கலைக்கழகத்தில் யூதப் பேராசிரியர்களை நாஜிகள் பதவிநீக்கம் செய்தார்கள். 1940 நவம்பரில் சட்டப் பேராசிரியர் கிளெவரிங்கா பகிரங்கமாக மேடையேறிக் கண்டித்தார். அவரைக் கைது செய்தார்கள். பல்கலைக்கழகத்தை இழுத்து மூடினார்கள். அங்கே வானியல் பேராசிரியராக இருந்தவர் யான் ஓர்ட். பால்வீதி சுழல்கிறது என்று 1927லேயே கணக்குப் போட்டுக் காட்டிய பெரிய மனிதர். அவரும் வேலையை உதறிவிட்டு, குடும்பத்தோடு ஹுல்ஸ்ஹார்ஸ்ட் என்கிற கிராமத்துக்குப் போய்விட்டார்.

அவர் கைக்கு அமெரிக்க வானியல் இதழில் வந்த ஒரு கட்டுரை கிடைத்தது. எழுதியவர் க்ரோட் ரீபர். இல்லினாய் மாநிலத்தில் தன் வீட்டுப் புறக்கடையில், சொந்தக் காசில் 31 அடி அகல ரேடியோ ஆன்டெனா கட்டி, வானத்திலிருந்து வரும் இரைச்சலைப் பதிவு செய்த மனிதர். ஓர்டுக்குப் பொறி தட்டியது. ரேடியோ அலைக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. பனிமூட்டத்தில் கண் தெரியாவிட்டால் என்ன, காது கேட்குமே! அந்த இரைச்சலுக்குள் ஏதாவது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் சுத்தமான ஒரு 'குரல்' இருந்தால்? ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போகும்போது தடித்தும் கேட்கிறதல்லவா? அதே மாதிரி அந்தக் குரல் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால், வாயு மேகம் எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். வேகம் தெரிந்தால், சுழற்சிக் கணக்கை வைத்துத் தூரத்தையும் பிடித்துவிடலாம்.

அப்படி ஒரு குரல் இருக்குமா பார் என்று ஒரு மாணவரிடம் வேலையைக் கொடுத்தார். ஹென்க் வான் டெ ஹுல்ஸ்ட், வயது 25. அந்தப் பையனிடம் ஆய்வுக்கூடம் கிடையாது, கருவி கிடையாது. காகிதமும் பென்சிலும்தான். 1944 ஏப்ரல் 15 அன்று, லெய்டன் வானாய்வகத்தில் கூடிய சிறு கூட்டத்தில் எழுந்து சொன்னார்: இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் தம்மைத்தாமே சுழல்கின்றன. எப்போதாவது எலக்ட்ரான் தன் சுழற்சியைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளும். அப்போது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ரேடியோ அலை கிளம்பும்.

எப்போதாவது என்றால்? ஓர் அணுவுக்குச் சராசரியாக ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை! ஆனால் பால்வீதியில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமா? யாராவது ஒருவர் எப்போதும் தும்மிக்கொண்டே இருப்பார்.

அந்தக் கூட்டம் முடிந்து சில மாதங்களில் ஹாலந்து சரித்திரத்திலேயே கொடிய பஞ்சம் வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பால்வீதியாவது ஒன்றாவது.

யுத்தம் முடிந்தது. ஓர்ட் லெய்டனுக்குத் திரும்பினார். அலை உண்டு என்று காகிதம் சொல்கிறது, பிடிக்கக் கருவி வேண்டுமே. கையில் காசில்லாத நாடு. அப்போது எதிரி விட்டுப்போன சொத்து ஒன்று உதவியது. நேச நாட்டு விமானங்களைக் கண்டுபிடிக்க ஜெர்மானியர்கள் டச்சுக் கடற்கரை நெடுக 'வூர்ட்ஸ்பர்க்' என்கிற ராட்சத ராடார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏழரை மீட்டர் அகல இரும்புக் கிண்ணம். தோற்று ஓடும்போது அதையெல்லாம் தூக்கிக்கொண்டா போக முடியும்? டச்சு தபால் தந்தித் துறைப் பொறியாளர் தெ வோக்ட் அவற்றில் சிலவற்றைச் சேகரித்து வைத்தார். ஒன்று கோட்வைக் என்ற ஊரில் இருந்த ரேடியோ நிலையத்தில் ஓர்டுக்குக் கிடைத்தது. குண்டு போட வரும் விமானத்தைத் தேடிய கிண்ணம், ஹைட்ரஜனைத் தேட நிமிர்ந்தது.

அங்கேயும் சோதனை. 1950ல் தீ விபத்து, ரிசீவர் சாம்பல். லெக்ஸ் முல்லர் என்கிற புதுப் பொறியாளரை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இதற்குள் அமெரிக்கா முந்திக்கொண்டது. ஹார்வர்டில் ஹெரால்ட் யூவன் என்ற ஆராய்ச்சி மாணவர், எட்வர்ட் பர்செல் என்ற பேராசிரியர். 500 டாலர் நிதி. ப்ளைவுட் பலகையில் செய்த கொம்பு வடிவ ஆன்டெனாவை ஆய்வகத்தின் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள். மழை பெய்தால் தண்ணீர் கொம்பு வழியாக அறைக்குள்ளேயே வரும். போகிற வருகிற மாணவர்கள் அதற்குள் பனிக்கட்டி உருண்டை எறிந்து விளையாடுவார்களாம். 1951 மார்ச் 25 அன்று அந்தக் கொம்பில் ஹைட்ரஜனின் குரல் கேட்டது.

இந்த இடத்தில் பர்செல் செய்த காரியத்துக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். அப்போது வான் டெ ஹுல்ஸ்ட்டே ஹார்வர்டுக்கு வந்திருந்தார். 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று பர்செல் தம்பட்டம் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. எப்படிப் பிடித்தோம் என்ற தொழில்நுட்பத்தை டச்சுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஏழே வாரத்தில், மே 11 அன்று, கோட்வைக்கிலும் குரல் கேட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் உறுதி செய்து தந்தி வந்தது. செப்டம்பர் 1 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் எல்லாம் ஒன்றாக அச்சாயின.

இனி வரைபடம்தான் பாக்கி. இங்கேதான் கதாநாயகனுக்குப் போட்டியாக இன்னொரு கதாநாயகன் வருகிறார்.

வில்லியம் மார்கன். அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில், ரேடியோ கீடியோ எதுவும் இல்லாமல், சாதாரண ஒளியை மட்டும் நம்பி அதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வழிகாட்டியதும் ஒருவகையில் யுத்தம்தான். வால்டர் பாடெ என்ற ஜெர்மானிய வானியலாளர் மவுண்ட் வில்சன் மலையில் இருந்தார். எதிரி நாட்டுப் பிரஜை என்பதால் ராணுவ ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. சகாக்கள் எல்லோரும் யுத்த வேலைக்குப் போக, 100 அங்குலத் தொலைநோக்கி ஏறக்குறைய இவர் ஒருவருக்கே கிடைத்தது. போதாக்குறைக்கு, குண்டு பயத்தில் கீழே லாஸ் ஏஞ்சலீஸ் நகரமே விளக்கை அணைத்துக்கொண்டது. அப்படிக் கிடைத்த இருட்டில் தொடங்கிய ஆண்ட்ரோமெடா ஆராய்ச்சி, யுத்தத்துக்குப் பிறகு ஓர் உண்மையைத் தந்தது. சுருள் கைகளை அடையாளம் காட்டுபவை, சூடான நீல விண்மீன்களும் அவற்றைச் சுற்றி ஒளிரும் சிவப்பு வாயு மேகங்களும். கயிற்றில் கோத்த மணிகள் மாதிரி அவை கைகளின் நெடுகிலும் வரிசையாக இருந்தன.

அப்படியானால் நம் பக்கத்திலும் அந்த மணிகளைத் தேடினால் கயிறு தெரிந்துவிடுமே? விண்மீனின் நிறமாலையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் நிஜப் பிரகாசத்தைச் சொல்வதில் மார்கனை மிஞ்ச ஆள் கிடையாது. நிஜப் பிரகாசம் தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் கிடைக்கும். ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ், டொனால்ட் ஆஸ்டர்பிராக் என்ற இரண்டு மாணவர்கள் வாயு மேகங்களைப் படமெடுத்துக் கொடுத்தார்கள். 1951 இலையுதிர் காலத்தில் ஒரு நாள், வானாய்வகத்திலிருந்து வீட்டுக்கு நடந்து போகும்போது மார்கன் அண்ணாந்து பார்த்தார். தனித்தனியாகத் தெரிந்த நீல விண்மீன்கள் மனசுக்குள் வரிசையில் வந்து நின்றன. கை!

அதே ஆண்டு டிசம்பர், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். க்ளீவ்லாந்தில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டம். மார்கன் படத்தைக் காட்டினார். சூரியன் இருக்கும் ஓரயன் கை. அதற்கு வெளிப்பக்கம் பெர்சியஸ் கை. உள்பக்கம் தனுசுக் கையின் ஒரு துண்டு. வானியலாளர்கள் பொதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறவர்கள். அன்று கை தட்டினார்கள், காலால் தரையையும் உதைத்தார்கள்! ஹெர்ஷலின் படம் வெளியாகி 166 ஆண்டுகளுக்குப் பிறகு, பால்வீதி சுருள்தான் என்பதற்குச் சாட்சி மேடையேறியிருந்தது.

சில மாதங்களில் மார்கன் மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய முழு ஆய்வுக் கட்டுரை கடைசிவரை வெளியாகவே இல்லை. கழகக் கூட்டத்தின் சுருக்கக் குறிப்பு, 1952ல் ஒரு வானியல் பத்திரிகையில் வந்த செய்தி, அவ்வளவுதான். விஞ்ஞானத்தில் அச்சேறாத சாதனைக்கு ஆயுசு கம்மி. மார்கன் தேறி எழுந்து இன்னும் பல காலம் வேலை செய்தார். ஆனால் அதற்குள் மேடையில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள்.

அவர்களும் சும்மா வரவில்லை. அந்த ஜெர்மன் ராடாருக்கு வானத்தைத் தானாகத் தொடரும் வசதி கிடையாது. பூமி சுழலச் சுழல, கிண்ணத்தைக் கையால் திருப்ப வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? இரண்டரை! இரவு பகலாக, முறைவைத்து மாணவர்கள் கைப்பிடியைச் சுற்றினார்கள். தண்ணீர் இறைக்கிற மாதிரி சுற்றி இறைத்த அந்தத் தகவலை வைத்து, 1954ல் வான் டெ ஹுல்ஸ்ட், முல்லர், ஓர்ட் மூவரும் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். பால்வீதியின் வெளிப்பகுதியுடைய சுருள் அமைப்பு.

ஏன் வெளிப்பகுதி? உள்ளே விட்டுவிட்டு வெளியே ஏன் போனார்கள்?

ஓட்டப் பந்தய மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட்ட வட்டமாக லேன்கள். நீங்கள் நடு லேனில் நின்று ஒரு நேர்கோட்டில் உள்பக்கம் பார்க்கிறீர்கள். அந்தப் பார்வை ஒவ்வோர் உள் லேனையும் இரண்டு முறை வெட்டும். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. இரண்டு இடத்திலும் வேகம் ஒன்றுபோலவே தெரியும். மேகம் அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா, குழப்பம். வெளி லேன்களையோ பார்வை ஒரே ஒருமுறைதான் வெட்டும். ஒரு வேகத்துக்கு ஒரு தூரம். அடியேன் படித்த பி.காம். பாஷையில், உள்பக்கக் கணக்கில் ஒரே ரசீதுக்கு இரண்டு பதிவு. வெளிப்பக்கக் கணக்குதான் டேலி ஆகும்.

டேலி ஆயிற்று. மார்கன் ஒளியில் பார்த்த ஓரயன், பெர்சியஸ் கைகள் ரேடியோவிலும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்தன. அவரால் எட்ட முடியாத தூரத்துக்கும் இந்தப் படம் நீண்டது. யார் முதல் என்று கேட்டால், என் ஓட்டு மார்கனுக்கு. கை இருக்கிறது என்று முதலில் காட்டியது அவர். ஆனால் பிள்ளையார் சுழி போட்டதோடு அவர் பேனா நின்றுபோனது. பக்கத்தை நிரப்பியது டச்சுக்காரர்கள். நிறைய புத்தகங்களில் பக்கம் இருக்கிறது, சுழியைக் காணோம்.

1958ல் ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்த தெற்கு வானத் தகவலையும் சேர்த்து ஓர்ட், கெர், வெஸ்டர்ஹவுட் மூவரும் முழுப் படம் போட்டார்கள். பார்க்க அழகு. பிறகு பிரச்னை தெரிந்தது. வாயு மேகங்கள் எல்லாமே ஒழுங்கான வட்டத்தில் சுற்றுவதாக வைத்துப் போட்ட கணக்கு அது. அவை அப்படிச் சமர்த்தாக நடந்துகொள்வதில்லை. இழுப்புக்கும் தள்ளலுக்கும் ஏற்பக் கொஞ்சம் முன்னே பின்னே போகின்றன. வேகம் சற்றே பிசகினால் தூரம் ஆயிரக்கணக்கான ஒளி ஆண்டுகள் பிசகும். அப்புறம் பல ஆண்டுகள் ஒரே தகராறு. 1976ல் பிரான்ஸின் ஜார்ஜலின் தம்பதி நான்கு கைகள் என்றார்கள். 2008ல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் தகவலை வைத்து ராபர்ட் பெஞ்சமின், பெரிய கைகள் இரண்டுதான் என்றார். இளம் விண்மீன்களையும் வாயுவையும் எண்ணினால் நான்கு, வயதான விண்மீன்களை எண்ணினால் இரண்டு துலக்கம் என்று பலரும் இன்று சமாதானம் சொல்கிறார்கள்.

வேகத்தை நம்பாமல் தூரத்தை நேரடியாக அளக்க வழியில்லையா? உண்டு. கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். பூமி சூரியனைச் சுற்றும்போது, ஆறு மாத இடைவெளியில் விண்மீனும் அப்படி நூலிழை நகரும். ஹவாய் முதல் கரீபியன் வரை பரப்பி வைத்த பத்து ரேடியோ கிண்ணங்களை ஒன்றாக இணைத்து, அந்த நூலிழையை அளக்கும் வேலை நடந்தது. 2017ல் வெளியான ஓர் அளவு சுமார் 66,500 ஒளி ஆண்டுகள்! பால்வீதி மையத்துக்கு அந்தப் பக்கம், நம் கண்ணுக்குச் சுத்தமாக மறைந்திருக்கும் பாதியில், ஸ்கூட்டம்–சென்டாரஸ் என்ற கை வளைந்து போவதை அப்படித் தொட்டுவிட்டார்கள். அந்தப் பாதியில் இன்னமும் பெரும்பகுதி வெற்றிடம்தான். ஓவியர்கள் உத்தேசமாக நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

இதே கையின் நுனியைப் பற்றி 2011ல் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹார்வர்டில் தாமஸ் டேம், பாட்ரிக் தாடியஸ் என்ற இருவர். அவர்களுடைய தொலைநோக்கி கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கும் 1.2 மீட்டர் கிண்ணம். நம் தெருவில் கேபிள் டி.வி.க்காரர் வைத்திருந்த டிஷ்கூட அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். ஏற்கெனவே எல்லோருக்கும் கிடைக்கும்படி கிடந்த ஹைட்ரஜன் பதிவுகளைப் புரட்டியபோது, அதுவரை தெரிந்த கடைசிக் கைக்கும் வெளியே இன்னொரு கை ஓடுவது தெரிந்தது. மையத்திலிருந்து ஏறக்குறைய 49,000 ஒளி ஆண்டுகள். ஏன் யாரும் கவனிக்கவில்லை? பால்வீதித் தட்டின் ஓரம் வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. கை அந்த வளைவில் ஏறி, எல்லோரும் பார்க்கும் தளத்துக்குச் சற்று மேலே போய்விட்டது. மொட்டை மாடிக் கிண்ணத்தை அந்தப் பக்கம் திருப்பி 220 இடங்களில் வாயு மேகத்தைத் தேடினார்கள். பத்து இடத்தில் கிடைத்தது. பத்தும் அந்தக் கையின் மேலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அவர்கள் புரட்டிய ஹைட்ரஜன் பதிவில் வடக்கு வானத்தின் பங்கை எடுத்துக் கொடுத்தது எந்தக் கருவி தெரியுமா? ஹாலந்தின் டிவிங்கலோ ஊரில் இருக்கும் 25 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி. கையால் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போன கோட்வைக் ராடாருக்குப் பதிலாக ஓர்ட் கேட்டு வாங்கியது. 1956ல் ஜூலியானா மகாராணி திறந்து வைத்தார். வேலைக்காலம் முடிந்து துருப்பிடித்துக் கிடந்ததை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து பழுதுபார்த்தார்கள். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே போய், அதே 21 சென்டிமீட்டர் அலையை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வருகிறார்கள்.